ஆண்டறிக்கை: இந்த வருஷம் நம்ம வாசகர் வட்டம் படிச்ச கிரேக்கப் பெண்கள்

தலைவர், கமிட்டி, மெம்பர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாங்க, அதனால நான் நேரா புத்தகத்துக்கே வந்துடறேன்.

போன பொதுக்குழுவுல முடிவு பண்ண மாதிரி, கிரேக்க புராணத்தை அதுல யாரும் கண்டுக்காத பொண்ணுங்க பக்கத்துலேர்ந்து திரும்ப எழுதின நாவல்களை எடுத்தோம். இதெல்லாம் ஃபேஷனுக்கு வர்ற புக்ஸுன்னு சிலர் சொன்னாங்க, மேடலின் மில்லரோட 'சர்சி' 2018ல ஹிட்டானப்புறம் வரிசையா வந்ததை பார்த்தா அது முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. அதனாலதான் நாவலோட, இலியட், ஒடிசிங்கற ரெண்டு பழைய கிரேக்க காவியங்களை பாடினதா சொல்ற ஹோமர்ல அந்த இடத்தையும் சேர்த்தே படிக்கணும்னு கமிட்டி வெச்சது. இந்த வருஷத்தோட பெரிய லாபமே அதுதான்.

பேட் பார்க்கரோட 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ல்ஸ்', டிராய் போர்ல அக்கிலீஸ்ங்கற கிரேக்க வீரன்கிட்ட அடிமையா சிக்கின பிரிசேயிஸோட கதை. அவளை கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பிடுங்கிக்கிட்டதாலதான் அக்கிலீஸுக்கு கோவமே வருது, ஆனா 15,000 வரிக்கு மேல போற இலியட்ல அவ வாயத் தொறக்கறது ஒரே ஒரு தடவை, 19வது காண்டத்துல அக்கிலீஸோட உயிர் நண்பன் பாட்ரோக்ளஸ் செத்த உடம்பு மேல விழுந்து அழறப்போ. புருஷனும் கூடப்பொறந்த மூணு பேரும் போரிலேயே போயாச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்களும் அழறாங்க, பேருக்கு பாட்ரோக்ளஸுக்காக, உள்ள அவங்கவங்க துக்கத்துக்காகன்னு ஹோமரே சொல்லிட்டார், ஒப்பாரி கேட்டு வளந்தவங்களுக்கு அத விளக்கவே வேணாம். நாவல்ல எனக்கு ஒரு குறை, பாதிக்கு மேல அப்பப்ப அக்கிலீஸ் பார்வைக்கு போயிடுது, அவன் கதை கேட்கவா இத எடுத்தோம்?

அதிகமா பேசினது மார்கரெட் அட்வுட்டோட 'பெனலோபியட்' (2005) பத்திதான். ஒடிசி காவியத்தோட நாயகன் ஒடிசியஸ், அவன் பொண்டாட்டி பெனலபி செத்தப்புறம் பாதாளத்துலேர்ந்து கதை சொல்றா, நடுநடுவுல தூக்குல தொங்கின 12 பணிப்பெண்களும் கோரஸா வந்து பாடறாங்க. ஒடிசி 22வது காண்டத்தை அன்னிக்கு சத்தமா வாசிச்சோம். பெனலபியை கட்டிக்கணும்னு வீட்டுல வந்து உட்கார்ந்த ஆம்பளைங்களை ஊர் திரும்பின ஒடிசியஸ் கொன்னுட்டு, அவங்களோட படுத்த பணிப்பெண்களை தண்டிக்கற இடம் அது. முதல்ல அந்த பொண்ணுங்களையே பொணத்தை தூக்க வெச்சு, மேசை நாற்காலி ரத்தத்தை ஸ்பாஞ்சால தொடைக்க வெச்சு, அப்புறம் வாளால வெட்டச் சொன்னான் அப்பன், அந்த கௌரவமான சாவு கூட வேணாம்னு கப்பல் கயித்துல வரிசையா தொங்க விட்டான் பிள்ளை டெலமாக்கஸ். கொஞ்ச நேரம் கால் துடிச்சுதாம், ரொம்ப நேரம் இல்லையாம். அதே காண்டத்துல அந்த ஆம்பளைங்களை பார்த்து என் வீட்டு வேலைக்காரிகளை பலவந்தப்படுத்தினீங்கன்னு திட்டினதும் இதே ஒடிசியஸ்தான். பலவந்தம்னு அவன் வாயாலயே சொல்லிட்டு தண்டனை மட்டும் அவளுங்களுக்கா? பேச்சு நேரம் தாண்டி போச்சு, யாரும் எழுந்திருக்கல.

அடுத்த வருஷம் கிறிஸ்டா வோல்ஃபோட 'கசாண்ட்ரா' (1983), 'மீடியா' (1996). கிரேக்க புராணத்து மீடியாங்கறவ தன் பிள்ளைங்களை தானே கொன்னான்னுதான் நமக்கு தெரியும், அது கி.மு. 431ல யூரிபிடிஸ் நாடகத்துல வர்றது. கொன்னது கொரிந்து ஊர்க்காரங்கன்னு பழங்காலத்துலயே இன்னொரு கதையும் இருந்திருக்கு, வோல்ஃப் அதைத்தான் எடுத்துக்கறாங்க. அதனால யூரிபிடிஸை முதல்ல முடிச்சிடுங்க. ஒடிசி காப்பி வாங்கிட்டு போனவங்க தயவுசெஞ்சு அடுத்த கூட்டத்துக்குள்ள கொண்டு வந்து குடுத்துடுங்க, கேட்டு ரெண்டு பேர் காத்திருக்காங்க.

இப்படிக்கு,
செயலாளர்