கால்களை நீட்டத் தெரியாதவர்கள்

வேலூர்

பிரியமுள்ள தேவா,

உன் கடிதம் கிடைத்தது. உறையின்மேல் இன்னும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே எழுதுகிறாய். அந்த மாவட்டத்தை 1989இல் இரண்டாகப் பிரித்தார்கள். நம் பக்கத்துக்கு மிஞ்சியதையும் 2019இல் மூன்றாக்கிவிட்டார்கள். ஆனாலும் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். நீ மாற்றிக்கொள்ள வேண்டாம்.

முதலில் வீட்டுச் செய்தி. என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பதறாதே, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். மகள் வந்து உடனிருந்தாள், விடுப்பு தீர்ந்ததும் சென்னைக்குக் கிளம்பிவிட்டாள். சமையல் என் பொறுப்பு. என் ரசத்தை யாரும் குறை சொல்லவில்லை. யாரும் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

உங்கள் திருச்சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டித் தேர்தல் சண்டையை விவரமாக எழுதிவிட்டு, ‘தாழ்மை எங்கேதான் போயிற்று?’ என்று கேட்டிருக்கிறாய். இங்கும் அதே கதைதான். டியூப் லைட்டின் வெளிச்சத்தில் பாதியை உபயதாரர் பெயரே மறைத்துக்கொண்டிருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும் என்பது உனக்குத் தெரியாததா? எடுத்தவர் பெயரை மைக்கில் தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் அவரை அந்தப் பக்கமே பார்க்க முடியாது. இதற்கெல்லாம் நான் வருத்தப்படுவதை விட்டுவிட்டேன். வெளியில் தெரிகிற பெருமையால் பெரிய கேடு இல்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஊழியத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிற பெருமையைத்தான் இப்போது என் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி சபையின் பெண்கள் ஐக்கியத்தில் எத்தனை வருஷமாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். ஒரு ரொட்டி பாக்கெட், நாலு ஆரஞ்சு, ஒரு ஜெபம் என்று வாரந்தோறும் நோயாளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். இப்போது அவளே படுக்கையில். மாடி அறையில் வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது. கணவருக்கு இங்கே வைத்தியம். (நம் கல்லூரி நாட்களில் இருந்த தெருக்கள் இல்லை இவை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் வங்காளி எழுத்துப் பலகைகள், நாள் வாடகை அறைகள், கடுகெண்ணெய் விற்கிற மளிகைக் கடைகள்.) அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு வங்காளி தெரியாது.

ஒருநாள் காலையில் அவர் கீழே இறங்கி வந்தார். படுத்தே கிடந்ததில் சடையாகிப் போயிருந்த இவள் தலைமுடியைப் பார்த்தார். அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தானே எடுத்தார், கட்டிலில் பின்னால் உட்கார்ந்தார். வலிக்காமல் இருக்க மயிர்க்காலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தார். வெகுநேரம் ஆயிற்று. இவளோ ஊசி போட உட்கார்ந்தவள் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தாள். பின்னி முடித்ததும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, நோட்டோடு சேர்த்து இவள் விரல்களை மடக்கி வைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

அன்று மாலையே என்னைக் கேசரி கிண்டச் சொல்லி மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் அவர் மறுபடியும் சீப்போடு வந்தார். இங்கிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் போயிற்று. “ஏன் இப்படிக் கணக்குத் தீர்க்கிறாய்?” என்றேன். “சும்மா எப்படி வாங்கிக்கொள்வது?” என்கிறாள். நேற்று அவர் வந்தபோது வீட்டில் கொடுக்க ஒன்றுமே இல்லை. இவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

யோவான் 13ஆம் அதிகாரத்தைப் பெரிய வியாழன்தோறும் கேட்கிறோம். சீஷர்களின் கால்களைக் கழுவ இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்த ஆண்டவரைப் பற்றித்தான் பிரசங்கம் வரும். ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது’ என்ற பேதுருவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அதை மெச்சிக்கொள்ளவில்லையே! கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கத்தோலிக்கக் கோயிலில் அன்று குருவானவர் கழுவுவதற்காகப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள் அல்லவா? வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்த கால்களைத்தான் நீட்டுவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு இந்த ஊரில் வைத்தியம் தொடங்கினார். ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்ற வசனமே அவர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு இலட்சிய வாக்காயிற்று. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். ஆனால் அந்த வசனத்தைச் சொன்ன இயேசுவே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். கழுதையை இரவல் வாங்கினார். பெத்தானியாவில் தைலம் ஊற்றியவளைத் தடுத்தவர்களைக் கடிந்துகொண்டார். கைம்மாறாக உடனே எதையும் நீட்டியதாக நான் படித்ததில்லை.

சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் நினைவிருக்கிறதா? 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; மறுவாழ்வு மருத்துவத்தை இங்கே வளர்த்தவரும் அவர்தான். அவர் செய்ததையே எல்லாரும் பேசுகிறோம். அந்த மேசைக்கு அவர் வந்து சேர்வதற்குமுன் எத்தனை பேருடைய கைகளை ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதுதான் இந்த நாட்களில் எனக்கு ஞாபகம் வருகிறது. அறுவை சிகிச்சையைவிட அது லேசான காரியமாக இருந்திருக்காது.

தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டாயே, தாராளமாக நில். ஆனால் எதிரணிக்காரரோடு சமாதானமாக அவர் வீட்டுக்குப் பழக்கூடை அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய், அதை மட்டும் செய்யாதே. கொடுத்தவன் என்ற உயரம் உனக்கு வந்துவிடும், அவர் இன்னும் முறைத்துக்கொள்வார். கண்புரை சிகிச்சைக்குப் பிறகு உனக்குத்தான் இருட்டில் வண்டி ஓட்ட முடியவில்லையே. அவரிடம் கார் இருக்கிறது. ‘சாயங்கால ஆராதனைக்குப் போகிற வழியில் என்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா?’ என்று அவரிடம் கேட்டுப் பார். கேட்க நாக்கு எழாது, தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ. கோவை எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கும். நான் ஸ்டேஷனுக்கு வர இயலாது, ஆட்டோ பிடித்துக்கொள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்துகொண்டிருக்கிறது, குழம்பு வைப்பதற்கு நீ இருந்தால் நல்லது. தேதியை முன்னதாகவே எழுது, மாடியில் இன்னொரு அறையைக் காலியாக வைக்கச் சொல்ல வேண்டும்.

கர்த்தருக்குள்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்