அப்பாவுக்காக ஓடிவந்த எல்லோருக்கும்

யாங்கூன் உறவுகளே, சென்னையில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களே,

சென்னையில் கிட்னி கட்டிக்குச் சிகிச்சை முடிந்து அப்பா நேற்று யாங்கூன் வீடு வந்து சேர்ந்தார். மொஹிங்கா வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், அதைப் பார்த்த பிறகுதான் எழுதவே கை வந்தது. என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப அதைக் கிளற வேண்டாம்.

பணம் திரட்டியவர்கள், விசாவுக்கு அலைந்தவர்கள், பீலிக்கான் கோயிலில் வேண்டிக்கொண்டவர்கள், வியாசர்பாடியில் இடம் தந்த சித்தி குடும்பம், சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த கிட்னியை வெட்டாமல் கட்டியை மட்டும் உறைய வைத்து அழிக்கலாம் என்று வழி சொன்ன டாக்டர், எல்லோருக்கும் நன்றி.

சிடி ஸ்கேன் அறை டெக்னீஷியன் தம்பியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, மரக்க ஊசி போட்டு, அரைத்தூக்கத்தில் வைத்து, முதுகு வழியாகக் கட்டியை உறைய வைக்கும் ஊசிகளைச் செருகியிருக்கிறார்கள். நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே. அந்தத் தம்பி தானாக வெளியே வந்து, ஒரு தாளில் கிட்னியை வரைந்து காட்டினார். ஆர்கான் வாயு ஊசிக்குள்ளேயே விரிந்து முனையைக் குளிர்விக்கும், உடம்புக்குள் கசியாது, கட்டியைச் சுற்றி ஐஸ் உருண்டை உருவாகும், அது ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும், கட்டியின் ஓரத்தைத் தாண்டி ஐஸ் போனால்தான் டாக்டருக்குத் திருப்தி என்றார். பத்து நிமிடம் போல உறைய வைத்து, கொஞ்சம் உருக விட்டு, மறுபடி உறைய வைப்பார்களாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கதவைத் திறந்து "அம்மா, ஐயா நல்லா இருக்கார், இப்ப உருக விடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. அவர் பாட்டி அறுபதுகளில், நம் யாங்கூன் அப்போது ரங்கூனாக இருந்தபோது, இங்கேயிருந்து கப்பலேறி வந்தவராம், கடைசியில் அம்மாவிடம் பர்மிய மொழியில் ரெண்டு வார்த்தை பேசினார், அதுவரை அடக்கி வைத்திருந்த அம்மா அப்போதுதான் அழுதாள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தம்பி, நீ நல்லா இருக்கணும்.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, உறைந்த இடத்தில் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறமும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, பார்ப்போம்.

இனி இங்கேயிருந்து கிட்னி கட்டி சிகிச்சைக்குப் போகிறவர்கள் தயங்காமல் எனக்குச் சொல்லுங்கள். எந்தத் தாள் எடுத்துப் போக வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து எழுதித் தருகிறேன், உள்ளே சிகிச்சை நடக்கும் நேரம் முழுக்க வெளியே நிற்பவரோடு போனில் இருப்பேன்.