சயாம் ரயிலும் வாய் கொடுத்தவர்களும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 30 அனைத்துலக மொழிபெயர்ப்பு நாள். அன்று காலைச் சபைகூடலில், போர்க்காலத்தில் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்து அடிபட்டவர்களையும் உயிரை விட்டவர்களையும் நினைக்க அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டதுமே, சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குப் போர்க்கதை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்குச் சயாம் மரண ரயிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போன நம் ஆட்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது, எப்படிப் பார்த்தாலும் பல பத்தாயிரம். காலராவும் பட்டினியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் கைதிகளோடு ராணுவ டாக்டர் போனார், அதிகாரி போனார், சில முகாம்களில் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரும் இருந்தார். காய்ச்சல்காரனை வேலைக்கு இழுக்க வந்தவனிடம், இவனால் நிற்கக்கூட முடியாது என்று அவன் மொழியிலேயே சொல்ல ஓர் ஆள். நம்மவர்கள் கிடந்த கொட்டகைகளில் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. அத்தனை சாவுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் சிரில் வைல்ட் என்ற ஆங்கிலேயர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடையப் போனபோது வெள்ளைக்கொடி பிடித்து நடந்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 7,000 கைதிகளைச் சயாமுக்கு அனுப்பிய கூட்டத்தில் அவரும் போனார், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மழையில் நடை, அதில் 3,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. நோயாளிகளுக்காக வாதாடுவதே அவர் வேலையாகிப் போனது, ஜப்பானியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தூங்காத நெட்டையன்'. போருக்குப் பிறகு குற்றங்களை விசாரித்து, தோக்கியோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் 1946-இல் ஹாங்காங்கில் விமான விபத்தில் இறந்தார். இன்னொருவர் பில் டிரோவர், காஞ்சனபுரி முகாமில் இரண்டு மாதத்துக்கும் மேல் குழிக்குள் அடைபட்டு, போர் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார்.

சொல்லும் சேதி பிடிக்காவிட்டால் முதல் அறை சொல்பவனுக்குத்தான். சொந்த ஆட்களுக்கோ, இவன் எதிரியோடு என்ன பேசிக்கொள்கிறான் என்ற சந்தேகம். இது பழைய கதையும் இல்லை, 2021-இல் காபூலில் வெளிநாட்டுப் படைகளுக்கு மொழிபெயர்த்த எத்தனையோ பேரை அப்படியே விட்டுவிட்டுத்தான் விமானங்கள் கிளம்பின.

நாகாசே தக்காஷியைச் சேர்க்கலாமா என்று ஆசிரியர் அறையில் இன்னும் சண்டை ஓயவில்லை. அவர் ஜப்பானியர், கெம்பித்தாய் எனும் ஜப்பானிய ராணுவப் போலீஸ் விசாரணையில் ஒரு கைதி சித்திரவதைப்படும்போது பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவர். போர் முடிந்ததும் கைதிகளின் கல்லறைகளைத் தேடிப்போன குழுவோடு அலைந்தார், பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சயாமுக்கு வந்தார், 1993-இல் அதே கைதி எரிக் லோமாக்ஸை நேரில் சந்தித்தார். வீரர் பட்டியலில் அவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அவரைப் பற்றிக் கேட்கட்டும், வாதாடட்டும் என்று சொல்லிவிட்டேன். படிநிலை ஒன்றுப் (முதல் மூன்று ஆண்டு) பிள்ளைகளுக்குச் சித்திரவதை, பிணம் எதுவும் சொல்ல மாட்டோம், அந்தப் பயம் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜப்பான்காரன் காலத்தில் உங்கள் தோட்டத்தில் யார் மற்றவர்களுக்காகப் பேசினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கிராணியோ (தோட்ட எழுத்தர்) மண்டோரோ (கங்காணி), ஜப்பானிய மொழி நாலு வார்த்தை கற்றுக்கொண்ட பள்ளிப் பையனோ, யாராக இருந்தாலும் சரி. ஊரார் அவரைத் திட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, பெயரும் தோட்டமும் போட்டு, செப்டம்பர் 25-க்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பினாலும் போதும். தாத்தா பாட்டிகள் நேரில் வந்தால் முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம், சபைகூடல் முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் பசியாறிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்