பொரிந்த நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்துக்குக் கறிக்கோழிக் குஞ்சு அனுப்பும் நிறுவனத்தாருக்கும் பொரிப்பகப் பொறுப்பாளர்களுக்கும் ஓர் ஒப்பந்தப் பண்ணையாளன் எழுதும் மடல்.

ஐயா, வணக்கம்.

பல்லடம் பக்கமிருந்து உங்கள் வண்டி எங்கள் ஊருக்கு வரச் சில மணி நேரம்தான் ஆகிறது. தாமதம் சாலையில் இல்லை, முட்டை பொரியும் எந்திரமான பொரிப்பானுக்குள் இருக்கிறது. 21 நாள் அடைக்கணக்கு எல்லா முட்டைக்கும் ஒன்றுதான் என்றாலும், முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே 24 முதல் 36 மணி நேரம்கூடப் போய்விடுகிறது. பிறகு தரம் பிரித்து, தடுப்பூசி போட்டு, எண்ணி அடைத்து, எங்கள் கொட்டகையில் இறக்கும்போது முந்திப் பொரிந்த குஞ்சு இரண்டு நாள் பட்டினி. குஞ்சோடு வரும் சீட்டில் அதற்கு வயது ஒரு நாள்.

வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, மூன்று நாள் தாங்கும் என்கிறார்கள் உங்கள் மேற்பார்வையாளர்கள். உயிர் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் கட்டுச்சோறு அல்ல. தாய்க்கோழி தந்த நோய் எதிர்ப்புப் பொருளும் அதில் இருக்கிறது. அதோடு, இரை உள்ளே இறங்கிக் குடல் அசைந்தால்தான் அந்தக் கருவும் விரைவாகச் செலவாகிறது. பட்டினி கிடக்கும் குஞ்சுக்கு அது மெதுவாகத்தான் கரைகிறது. குடலுக்குள் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் வேகமாக வளர்வதும் இந்த முதல் சில நாட்களில்தான். அப்போது விட்டதைப் பின்னால் மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டிப் பிடிப்பது எளிதல்ல.

பெட்டியைத் திறந்ததும் நான் குஞ்சின் காலைத்தான் பார்ப்பேன். காய்ந்து கிடந்த குஞ்சுக்குக் கால்தோல் வறண்டு, நரம்பு எடுப்பாகத் தெரியும். இரவில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரல் நுனியால் தொட்டால், தீவனமும் தண்ணீரும் கலந்து மெத்தென்று இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருக்கும். மறுநாளைக்குள் 100க்கு 95 குஞ்சுக்காவது அது நிறைந்திருக்கவேண்டும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது, படுதா கட்டி, குஞ்சுக்குச் சூடு தரும் புரூடரின் சூட்டைக் கூட்டி, விடிய விடிய விழித்திருந்தும் சில குஞ்சுகள் தீவனத் தட்டுக்கு நடக்கவே தெம்பில்லாமல் உட்கார்ந்துவிடுகின்றன. முதல் வாரச் சாவு மட்டும் முழுக்க எங்கள் கணக்கில் ஏறுகிறது. இது நியாயமில்லை.

நெதர்லாந்தில் பொரிப்பானுக்குள்ளேயே தீவனமும் தண்ணீரும் வைக்கும் முறை வந்துவிட்டது. அதை நாளையே கேட்கவில்லை. பொரியத் தொடங்கிய நேரத்தையும் பொரிப்பானிலிருந்து குஞ்சுத் தட்டு எடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதுங்கள். முந்திப் பொரிந்த தட்டுகளை முதல் வண்டியில் ஏற்றுங்கள். முதல் சில நாட்களுக்கான பிரீ ஸ்டார்ட்டர் தீவனம் குஞ்சுக்கு முன்பே எங்கள் கொட்டகைக்கு வந்துவிடவேண்டும். முதல் வாரச் சாவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பண்ணையாளன்