இறந்த காலத்தில் எழுத மறுத்தவளுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களின் பெற்றோருக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், என் மாணவர்களுக்கும் வணக்கம்.

கடந்த நவம்பர் 30 அன்று நம் பிள்ளைகளின் கவிதைத் தொகுப்பை வெளியிட்டோம். நன்றி சொல்ல எழுந்தேன், அழுகை முந்திக்கொண்டது. அன்று சொல்ல நினைத்தவற்றை எழுதுகிறேன்.

நான் தோவாளைக்காரி. வயலையும் பூந்தோட்டத்தையும் பார்த்து வளர்ந்தவள். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள ஊர்களை வேலை கிடைத்து வரும்வரை நான் பார்த்ததில்லை. வந்த முதல் ஆண்டில் ஒரு மாணவியின் கட்டுரையில் 'நீவாடு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'நீரோட்டம்' என்று எழுதினேன். கொச்சை என்று வகுப்பில் சொல்லவும் செய்தேன். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்டவர்கள் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்த மண் இது. அந்த வரலாற்றை உணர்ச்சியோடு நடத்துகிற நான், இந்தப் பிள்ளைகளின் தமிழைத் தமிழில்லை என்றேன்.

அதே மாணவிதான் அடுத்த பாடத்தையும் எனக்குக் கற்றுத் தந்தாள். காலம் பற்றிய இலக்கண வகுப்பு. 'அப்பா கடலுக்குப் போகிறார்' என்ற வாக்கியத்தை இறந்த காலத்தில் எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள், அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். மீண்டும் கேட்டேன். "எழுத மாட்டேன் டீச்சர்" என்றாள். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது அவள் அப்பா ஆழ்கடலில் இருந்தார். உடல் கரைக்கு வரவில்லை. அரசு தந்த சான்றிதழில் அவர் இறந்தவர், அவள் நோட்டில் இன்னும் இல்லை. இலக்கணம் வைத்த அந்தப் பெயர் ஒரு குழந்தையின் காதில் எப்படி விழும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று மூன்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யச் சொன்னதும் இதே வகுப்பில்தான்.

அன்று மாலை அவளுடைய தாத்தாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவரோ கணியம் பார்ப்பது, அதாவது கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பது, எப்படி என்று கற்றுத் தந்து அனுப்பினார். கரையிலுள்ள கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் மலையுச்சியும் நேராக வரவேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் அதேபோல் சேரவேண்டும். அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், தண்ணீருக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டு, எங்கள் பிள்ளைகள் சொல்லில் 'பார்', இருக்கும். தாத்தா, நீங்கள் மணலில் விரலால் கிழித்த அந்தப் படத்தை எங்கள் கணக்காசிரியர் கரும்பலகையில் வரைந்துதான் இப்போது ஆயத்தொலைவு வடிவியலைத் தொடங்குகிறார். உங்களுக்கும் அவருக்கும் என் நன்றி.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார் தலைமையாசிரியை. தேர்வு நெருங்கியபோதும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. தாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார் மார்த்தாண்டத்து அச்சகக்காரர். இருவரையும் மறக்கமாட்டேன்.

கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த தாய்மாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளைகள் எழுதத் தயங்கிய நாளில், உங்களில் ஒருவர் கரையில் காத்திருந்தபோது பாடிய ஒப்பாரியை மெல்லச் சொன்னீர்கள். எதுகையும் மோனையும் தாமாகவே விழுந்திருந்தன. யாப்பைப் பலகையில் எழுதி விளக்கிய என் முப்பது வகுப்புகளில் நடக்காதது அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது. பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள்.

கவிதை எழுதினால் துயரம் ஆறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்றும் சிலர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது பாடத்தை நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது, பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை. ஆசிரியப் பயிற்சியில் யாரும் சொல்லித்தராத இந்தப் பாடத்துக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன், அக்கா.

கடைசியாக உனக்கு, மகளே. தொகுப்பில் உன் கவிதை நான்கே வரி. அதில் வரும் வினைச்சொற்கள் எல்லாம் நிகழ்காலத்தில் இருக்கின்றன. ஒன்றையும் நான் திருத்தவில்லை. உன் பழைய கட்டுரை நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். அந்தச் சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. 'நீவாடு' என்பதற்குப் பக்கத்தில் 'இந்தச் சொல் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை