பாதையில் ஏற்றிவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க மண்டூர், குருமண்வெளி, களுவாஞ்சிகுடி உறவுகளுக்கும், கல்முனை முதல் திருக்கோவில் வரை என்னோடு பழகிய பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் பொலிஸ் பரிசோதகராகப் பதவி உயர்வு பெற்றதையும், அதே ஆண்டில் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றதையும் பாராட்டிக் குருமண்வெளித் துறையடியில் நீங்கள் கட்டியிருக்கும் பதாகையைக் கடந்த வாரம் பார்த்தேன். என் முகம் வண்டிச் சில்லு அளவுக்குப் பெருத்திருக்கிறது. ‘விடாமுயற்சியின் வடிவமே’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நான் படிப்பைப் பலமுறை விட்டவன். விட்ட ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் என்னைக் கூப்பிட்டுத் திரும்ப ஏற்றிவிட்டார். அவர்களிற் சிலர் பெயரைப் போட்டால் கோபிப்பார்கள், சிலர் இன்று உயிரோடு இல்லை. ஆகவே பெயர் குறிப்பிடாமலே எழுதுகிறேன். ஊரவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது நான் மூன்று மாதக் குழந்தை. அதனால் வளர்ந்த பிறகும் என்னைச் ‘சூறாவளிப் பொடியன்’ என்றே அழைத்தார்கள். வீடு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூரில், பள்ளிக்கூடம் கிழக்குக் கரையான எழுவான்கரையில். வெளியூர் வாசகருக்காக ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தரையில் கிடக்கும் வழியல்ல, ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். அந்தப் பாதையில் வேலை செய்த பெரியப்பா முறையான ஒருவருக்குத்தான் என் முதல் நன்றி. 1994இல் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறி, வெட்கத்தில் துறைப் பக்கமே போகாமல் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கத் தொடங்கியிருந்தேன். நான் வராததைக் கவனித்தவர் அவர்தான். அக்கரையில் என் கணித ஆசிரியரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் முதல் ஆசிரியர் நாலைந்து கணக்குகளை ஒற்றைத் தாளில் எழுதி, நாலாக மடித்துப் பாதையிற் கொடுத்தனுப்பினார். மாலையில் விடைகள் அதே பாதையில் திரும்பிப் போயின. பெரியப்பா அந்தத் தாளைத் தண்ணீர் படாமல் தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார். அதனால் என் அட்சரகணிதம் முழுவதிலும் புகையிலை மணத்தது. ஒருநாள் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதை விரித்து, இரு பக்கமும் பார்த்து, சிரித்துவிட்டு மடித்துக் கொடுத்தாராம். மறுமுறை பரீட்சையில் சித்தியடைந்தேன். பரீட்சை நாட்களுக்கும் கூலி வெட்டாத ஆலை முதலாளிக்கும் நான் கடமைப்பட்டவன்.

1998இல் உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றேன். பிறகு இரண்டு ஆண்டுகள் தொண்டர் ஆசிரியராகச் சம்பளமின்றிப் படிப்பித்தேன். அறுவடைக் காலத்தில் பெற்றோர் கொண்டுவந்து தந்த நெல்லில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தத் தாய்மாருக்கு நான் சொல்ல மறந்த நன்றியை இப்போது சொல்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிய மறு ஆண்டு நான் பொலிஸ் சேவையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். ஊரில் பலர் அதன்பின் என்னோடு பேசவில்லை. அவர்களை நான் குறைகூறவில்லை. அந்தக் காலத்தை அறிந்தவர் எவரும் குறைகூற மாட்டார். 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரைக்குப் பொலிஸ்காரனான என்னால் போக முடியவில்லை. அம்மாதான் தயிர்ச் சட்டியைச் சேலைத் துண்டாற் கட்டிக்கொண்டு பாதையேறிக் களுவாஞ்சிகுடிக்கு வந்து, பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பொழுது சாய முன்னர் திரும்பிப் போவார். பேசாதிருந்தவர்களுள் சிலர் அம்மாவுக்கு மட்டும் துணையாக வந்து, துறையடியில் நின்றுகொண்டார்கள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அவர்களுக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

களுத்துறையிலுள்ள பொலிஸ் கல்லூரியில் எனக்குச் சிங்களம் கற்பித்தவர், பக்கத்துக் கட்டிலில் படுத்த தெஹியத்தகண்டிக்காரர். இருவரும் கிழக்கு மாகாணம், இருவரும் வயற்காரர் பிள்ளைகள். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. இரவில் விளக்கணைத்த பிறகு அவர் ஒரு சொல், நான் ஒரு சொல் என்று மாற்றிக்கொண்டோம். நெல்லின் பெயர்களில் தொடங்கியதால், சட்டச் சொற்களுக்கு வந்துசேர நீண்ட நாள் எடுத்தது. இன்றும் தொலைபேசியில் ‘மச்சான்’ என்றுதான் தொடங்குவார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்து போன பிறகு, கல்முனைக் கரையோரத்தில் இறந்தவர்களின் விபரம் எழுதும் பணி எனக்குத் தரப்பட்டது. சேலையின் நிறம், தாலியின் அமைப்பு, மச்சம், தழும்பு என்று எழுதிக்கொண்டே போன கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், தன் வீட்டிலேயே இருவரைப் பறிகொடுத்தவர், ஒன்றும் பேசாமல் என் பேனாவை வாங்கித் தான் எழுதத் தொடங்கினார். பெயரின் தலையெழுத்து பிழைத்தால் ஆளே மாறிவிடும், ஒவ்வொரு தெருவிலும் அதே பெயரில் நாலுபேர் இருப்பார்கள் என்று சொல்லி, ஒவ்வொரு தலையெழுத்தையும் உறவினரிடம் இருமுறை கேட்டுக் கேட்டு எழுதினார். மூன்று நாட்கள் அவர் அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. பதாகையில் ஒரு முகம் வர வேண்டுமென்றால் அது அவருடைய முகம்.

அவரிடம் கற்றதைச் சில ஆண்டுகளில் நானே மறந்துவிட்டேன். அம்பாறை மாவட்டக் கரையோர நிலையமொன்றில் கடமையாற்றியபோது, தம்பிலுவில் பக்கத்து அம்மா ஒருவர் மாடு களவு போனதாக முறைப்பாடு செய்ய வந்தார். வலத்தொடையிற் சுட்ட குறி, இடக்காது வெட்டு, ஆறு மாதச் சினை, கழுத்து மணி, அதை வாங்கித் தந்த கணவர் கடலோடு போனது என்று அவர் அரைமணி நேரம் சொன்னதை நான் சிங்களத்தில் இரண்டு வரியில் எழுதி முடித்தேன். பழகிய வேலை, பின்னால் வரிசையும் நின்றது. வாசித்துக் காட்டச் சொன்னார், தமிழில் சொன்னேன். “நான் சொன்ன மாடு இதுக்குள்ள இல்லியே, மனே” என்றார்.

அருகிலிருந்த சிங்கள சார்ஜன்ட் ஐயாவுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருப்பார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை எடுத்து 109ஆம் பிரிவைக் காட்டினார். வாய்மூலம் தரப்படும் முறைப்பாட்டை, அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென அதில் இருந்தது. அந்த மொழியில் எழுத இயலாத அதிகாரிக்கே சட்டம் வேறு வழி விடுகிறது. எனக்கு அது தாய்மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகியிருந்தும், பொலிஸ் நிலைய மேசையில் அது பேனா பிடிப்பவன் கையில்தான் இருந்தது. அன்று பேனா என் கையில் இருந்தது. மறுபடி எழுதினேன், ஒன்றரைப் பக்கம். மாடு பதினொரு நாளில் அந்தக் காதுவெட்டால் அடையாளம் காணப்பட்டது. மணி கிடைக்கவில்லை.

சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மேசையில்தான் வந்தது. என் விடுமுறை விண்ணப்பங்களை மேசையிலேயே கிடக்கவிட்டவர்களும் உண்டு. இது நன்றி மடல் ஆகையால் அவர்களை விட்டுவிடுகிறேன். ஆனால் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்து வார இறுதி வகுப்புகளுக்காகத் தன் ஓய்வு நாளை எனக்குத் தந்து, தான் இரவுக் கடமை பார்த்த சக உத்தியோகத்தரை விட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தில் நான் இருமுறை தவறியபோது, பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு வந்து, கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பள்ளிப் பிள்ளையைப் போலக் கேள்வி கேட்ட என் மனைவியையும் விட முடியாது.

பெரியப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வெற்றிலைப் பெட்டி அவரது மகளிடம் இருப்பதாக அறிந்து சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். அதனுள் என் விடைத்தாள் ஒன்று, ஆசிரியர் சிவப்பு மையிற் பிழை போட்டபடி, இன்னும் மடிந்து கிடக்கிறது. தரட்டுமா என்று தங்கச்சி கேட்டார். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதாகையைப் பற்றி ஒரு வேண்டுகோள். மழைக்கு முன்னர் அதை அவிழ்த்துப் பழுதில்லாமல் எடுத்து வையுங்கள். பெரும்போக அறுவடைக்கு என் மச்சான் நெல் காயவிடப் படங்கு தேடுவார். என் முகம் மண்பக்கம் இருக்குமாறு விரித்தால் போதும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்,
சூறாவளிப் பொடியன்