பாராட்டுக் குறி போதாத ஒரு டேங்குக்கும் எங்கள் குழுவினருக்கும் நன்றி மடல்

ஃபைனல் ஃபேண்டஸி 14 இணைய ஆட்டத்தில் ஒன்றாக ஆடும் எங்கள் குழு நண்பர்களுக்கும், இதைப் படிக்க நேரும், குழுவினரைக் குணப்படுத்தும் பொறுப்பில் ஆடும் மற்ற ஹீலர்களுக்கும் வணக்கம்.

கடந்த வாரங்களில் ஹீலராக ஆடி நான் தடுமாறியது உங்களுக்குத் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒயிட் மேஜ் என்னும் ஹீலர் வேடத்தின் கோலைக் கீழே வைத்துவிட்டு, எதிரியை அடிப்பதை மட்டுமே பொறுப்பாகக் கொண்ட ஏதேனும் ஒரு ஜாபுக்கு மாறிவிடுவேன் என்று நான் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் பலர். மாறவில்லை. நேற்றிரவும் ஹீலராகவே ஆடினேன், கை நடுங்காமல்.

முதல் நன்றிக்கு உரியவர் நம் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். வேறொரு சர்வரிலிருந்து தற்செயலாக வந்து இணைந்த, எதிரிகளின் அடியைத் தன்மேல் வாங்கிக் குழுவைக் காக்கும் ஒரு டேங்க். இந்த ஆட்டத்தில் டன்ஜன் எனப்படும் ஒரு குழுச் சுற்று முடிந்ததும் உடன் ஆடியவர்களில் ஒருவருக்கு மட்டும் பாராட்டுக் குறி வழங்கலாம். அதை அவருக்கே வழங்கினேன் என்றாலும், எதற்காக வழங்கினேன் என்று அந்தக் குறி அவரிடம் சொல்லாது. ஆகவேதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நால்வர் குழுவில் ஹீலர் ஒருவர்தான். நால்வரும் வீழ்ந்து மீண்டும் தொடக்கத்தில் எழுந்து நிற்கும்போது குழு உரையாடலான பார்ட்டி சாட்டில் நிலவும் மௌனத்தை ஹீலர்கள் அறிவார்கள். எவரும் ஒரு சொல்கூடக் கடிந்து சொல்லாவிட்டாலும் அது நம்மை நோக்கியே திரும்பியிருப்பதாகத் தோன்றும். அந்த மௌனத்தை அவர்தான் கலைத்தார். ஆறுதல் எதுவும் சொல்லாமல், என் பெனடிக்ஷன் என்ற குணமாக்கும் திறன் தயாராக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த எதிரிக் கூட்டத்தைத் தம்மிடம் இழுத்தவுடன் தாம் ராம்பார்ட் என்ற தற்காப்பைப் போடப் போவதாகவும், அது தீர்ந்ததும் நான் பெனடிக்ஷனைச் செலவிட்டுவிட வேண்டும் என்றும், அதற்குப் பின் தம்மிடம் வேறொரு தற்காப்பு இருக்கிறது என்றும் எழுதினார்.

ராம்பார்ட் 20 விநாடிகளுக்கு டேங்க் வாங்கும் அடியை 20 சதவீதம் குறைக்கும். பெனடிக்ஷன் ஒருவரின் உயிர்ப்பட்டையை ஒரே நொடியில் முழுமையாக்கும். ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் 180 விநாடிகள் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு அஞ்சி, பெரிய ஆபத்து வரட்டும் என்று அதைப் பத்திரப்படுத்தியே டன்ஜனை முடித்துவிடும் புதியவர்கள் ஏராளம். தொடக்கத்திலேயே செலவிட்டுவிட்டால் அடுத்தடுத்த கூட்டங்களுக்குள் அது திரும்ப வந்துவிடும் என்பது கணக்காகத் தெரிந்திருந்தாலும், பதற்றத்தில் கை அதை நம்புவதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும், எந்தத் தற்காப்பைப் போடுகிறார் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொண்டே வந்தார். அவர் பெயருக்கு அருகில் அது சிறிய சின்னமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உயிர்ப்பட்டையை மட்டுமே வெறித்துக்கொண்டிருக்கும் புதிய ஹீலர் கண்ணுக்கு அது தெரியாது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். அந்த வரிகளைப் படிக்கப் படிக்க, விழும் அடியைத் தாங்குவது இருவரின் வேலை என்பதும், பட்டை பாதியாக இறங்கியிருந்தாலும் தற்காப்பு நீடிக்கும்வரை அவசரமில்லை என்பதும் எனக்கு உறைத்தன. கிடைத்த அந்த இடைவெளியில் ஹோலி மந்திரத்தைப் போட்டேன். சுற்றி நிற்கும் எதிரிகள் சில விநாடிகள் மயங்கி நிற்பதால் அடியே விழாமல் போகிறது. ஹீலர் தாக்குவது எப்படிக் காப்பாற்றுவதாகும் என்று நான் முன்பு பலரிடம் வாதிட்டதற்கு அங்கேயே விடை கிடைத்தது.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: பார்ட்டி பட்டியலைத் திரையின் மூலையிலிருந்து என் பாத்திரத்திற்கு அருகே நகர்த்தி வைக்கச் சொன்னவருக்கும், எண்மர் போர்களில் எந்தத் தாக்குதலுக்கு யார் ஹீல் செய்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்ட சக ஹீலருக்கும், நான் விழுந்த போதெல்லாம் வெர்ரெய்ஸ் என்ற உயிர்ப்பிக்கும் மந்திரத்தைப் போட்டு எழுப்பிய, ரெட் மேஜ் வேடத்தில் ஆடியவருக்கும், தரையில் தாக்குதல் விழப்போகும் இடத்தைக் காட்டும் வட்டம் தெரிந்தால் என்னை நம்பி நிற்காமல் விலகி ஓடிய அனைவருக்கும் நன்றி. கடைசியாகச் சொன்னவர்கள் தாங்கள் செய்த உதவியின் அளவை ஒருபோதும் உணர மாட்டார்கள்.

நான் டேங்காக ஆடும் நாட்களில், பெயருக்கு அருகே புதியவரைக் குறிக்கும் இளந்தளிர்ச் சின்னத்துடன் ஒரு ஹீலர் வந்து சேர்ந்தால், கேட்காமலேயே என் தற்காப்புகளை வரிக்கு வரி எழுதுவேன். குழு வீழ்ந்தால் முதலில் பேசுபவனாகவும் இருப்பேன். குழுத் தலைவருக்கு மட்டும் ஒரு செய்தி: வரும் எண்மர் போருக்கு இரண்டாவது ஹீலர் இடம் இன்னும் காலியாக இருந்தால், அதில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.